டீச்சர் கொண்டுவந்த போர்வை

இந்த ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி பேரவைத் தம்பி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "அக்கா, பல்கலைக்கழக நாள் அனுபவம் ஏதாவது இருந்தால் எழுதுங்கள்" என்றார். விரிவுரை மண்டபம், விடுதிச் சாப்பாடு, தேர்வுக்கு முதல்நாள் இரவு ஆகியவற்றையெல்லாம் பலரும் பலமுறை எழுதிவிட்டார்கள். அந்த மூன்று ஆண்டுகளில் என்னை மிகவும் பயமுறுத்தியது ஒரு போர்வை என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்தாலும் பரவாயில்லை, அதையே எழுதுகிறேன்.

2004-ஆம் ஆண்டு. இரண்டாம் ஆண்டை முடித்துவிட்டு நீண்ட விடுமுறைக்குக் கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். அம்மா வீட்டிலேயே துணி தைப்பவர். திருமணத்திற்கு முன் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தையற்கடையில் ரவிக்கை தைத்துப் பழகியவர். கூடவே, தையல் மெஷினின் பாதத்தைக் கழற்றிவிட்டு, துணியை வளையத்தில் மாட்டி, இரண்டு கைகளாலும் நகர்த்திப் பூத்தையல் போடவும் அங்கேயே கற்றிருந்தார். மெஷின், தாத்தா மாதத்தவணையில் வாங்கிக் கொடுத்த கறுப்பு சிங்கர். காலால் மிதிப்பதை மாற்றி அப்பா மோட்டார் பொருத்திக் கொடுத்திருந்தார். ஒரு சாதாரண ரவிக்கைக்கு அப்போது அம்மா வாங்கிய கூலி 15 வெள்ளி. தீபாவளிக்கு முந்திய இரண்டு மாதம் வீட்டில் உட்கார இடமிருக்காது. மற்ற மாதங்களில் கூடத்தில் நாற்காலிகள் தெரியும்.

அப்படி நாற்காலிகள் தெரிந்த ஒரு காலையில் டீச்சர் வந்தார். எனக்கு மூன்றாம் வகுப்பில் பாடம் எடுத்தவர், பணி ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. என் அறிக்கை அட்டையில் சிவப்பு மையில் "நன்றாகத் தொடங்குகிறாள், இறுதியில் இடம் விட்டுவிடுகிறாள்" என்று எழுதியவரும் அவரே. கணக்கு நோட்டில் கடைசி இரண்டு கணக்குகளைச் செய்யாமல் அந்த இடத்தைக் காலியாக விட்டுவைப்பது அந்த வயதில் என் வழக்கம்.

"பசியாறியாச்சா டீச்சர்?" என்று கேட்டபடி அம்மா எழுந்து நின்றார். டீச்சர் பெரிய பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு துணியை எடுத்து விரித்தார். விரித்துக்கொண்டே இருந்தார். கூடம் முடிந்து சமையலறை வாசல்வரை போயிற்று.

அவருடைய அம்மா முந்திய ஆண்டு காலமாகிவிட்டார். காப்பார் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். அவர் விட்டுச்சென்ற துணிகளை யாருக்கும் கொடுக்க மனம் வராமல், டீச்சர் அவற்றை ஒரு சாண் சதுரங்களாக வெட்டி, சமூக மண்டப வகுப்பொன்றில் கற்ற முறைப்படி ஒன்றோடொன்று கையால் இணைத்திருக்கிறார். நைலெக்ஸ் புடவைகள், வாயில் புடவைகள், பாத்தேக் கைலிகள், பால்வெட்டுக்குப் போட்டுப்போன முழுக்கைச் சட்டைகள் எல்லாம் அதில் இருந்தன. நடுவில் அரக்கு நிறத்தில் பெரிய சதுரம் ஒன்று, அவர் அம்மாவின் கூறைப்பட்டு. மொத்த அளவு எட்டடிக்கு எட்டரை அடி.

"மேல்துணி முடிஞ்சிருச்சு. நடுவுல பஞ்சு வச்சு, அடித்துணி போட்டு, மூணையும் சேர்த்து மெஷின்ல ஓட்டிக் குடுக்கணும். பூத்தையல் போடுற கை உங்களுக்குத்தான் இருக்கு. என் மகள் ஆஸ்திரேலியாவிலேர்ந்து வர்றா. அவளுக்குக் குடுக்கணும்."

ஒட்டுத்துணிப் போர்வை நமக்குப் புதிதன்று. வங்காளத்தில் பழைய புடவைகளை அடுக்கி, புடவைக் கரையிலிருந்தே உருவிய நூலால் தைக்கும் காந்தா உண்டு. மராட்டியத்தில் கோதடி, கர்நாடகத்தில் கவுதி. எங்கள் பக்கத்து வீட்டு மக்சிக் அன்று மாலை எட்டிப்பார்த்துவிட்டு, "ஓ, காயின் பெர்ச்சா!" என்று தம் பாட்டியின் மெத்தை உறையைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் கறுப்பினப் பெண்கள் வேலை உடைகளைக் கிழித்துத் தைத்த போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன, 2006-இல் அஞ்சல்தலைகளாகவும் வந்தன. அவற்றுள் ஒன்று, மிசூரி பெட்வே என்பவர் இறந்துபோன தம் கணவரின் வயல் உடைகளைக் கொண்டு 1942-இல் தைத்தது. இதைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தபோது எனக்கு டீச்சரின் பிளாஸ்டிக் பைதான் நினைவுக்கு வந்தது.

ஆனால் அவையெல்லாம் கையால் தைத்தவை. மெஷினில் தைப்பது வேறு கதை.

மெஷினின் ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் இடையே உள்ள இடைவெளியை அம்மா அளந்து காட்டினார். ஆறரை அங்குலம். போர்வையின் நடுவில் தைக்கும்போது நான்கடித் துணியும் பஞ்சும் சுருண்டு அந்த ஆறரை அங்குலத்துக்குள் கிடக்க வேண்டும். வெளிநாடுகளில் இதற்கென்றே நீண்ட கைவைத்த மெஷின்கள் இருக்கின்றன. போர்வையைப் பத்து, பன்னிரண்டு அடிச் சட்டத்தில் இழுத்துக் கட்டிவிட்டு, மெஷினைத் தண்டவாளத்தில் தள்ளுவதுபோல் அதன்மேல் ஓட்டுகிறார்கள். எங்கள் வீட்டில் மெஷின் நகராது, போர்வைதான் நகர வேண்டும்.

அம்மா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. தரையில் விரித்து, நாலாபக்கமும் சுற்றி வந்தார். ஓரத்தில் டீச்சர் வைத்துத் தைத்திருந்த கரைத்துணி அலை அலையாக எழும்பி நின்றது. காரணம் எளியது. கரைக்கு எவ்வளவு துணி வேண்டும் என்று நடுவில் குறுக்கே அளந்து, அந்த அளவுக்கு வெட்டியபிறகே தைக்க வேண்டும். டீச்சர் நீளமான பட்டையை அளக்காமல் அப்படியே ஓரத்தில் தைத்துக்கொண்டே போய், மிஞ்சியதை வெட்டியிருந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று நான்கு அங்குலம் கூடுதலாக ஏறியிருந்தது. அதன்மேல் மெஷினை ஓட்டினால் அலைகள் மடிப்பாக மாறிவிடும்.

இதை டீச்சரிடம் யார் சொல்வது? கிள்ளானில் பாதிப் பேருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "டீச்சர், கோவிச்சுக்காதீங்க. இந்தக் கரைய நாலு பக்கமும் பிரிச்சு மறுபடி தைக்கணும்" என்றார்.

"நான் தைச்சது தப்பாம்மா?"

"ஆமாங்க டீச்சர்."

எனக்குச் சுவரோரம் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிரிச்சுக் கொண்டாறேன்" என்றார். நான்கு நாள் கழித்துக் கொண்டுவந்தார். அளந்து, நேராக, தரையோடு படிந்த கரை.

கூலி பேசியபோது அம்மா 350 வெள்ளி கேட்டார். பஞ்சு, அடித்துணி, நூல் எல்லாம் அதில் அடக்கம். டீச்சர் தயங்கி, "பேரங்காடியில 60 வெள்ளிக்குப் போர்வை தொங்குதே" என்றார். "ஆமாங்க டீச்சர், கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு அம்மா பேசாமல் இருந்தார். டீச்சர் 50 வெள்ளி முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜாலான் தெங்கு கிளானாவில் ஐந்தடி அகலத்தில் வெள்ளைப் பருத்தித் துணி ஆறு மீட்டர் வாங்கி, துவைத்துக் காயவைத்துச் சுருங்கவிட்டு, இரண்டாக வெட்டி இணைத்தோம். அடித்துணி மேல்துணியைவிட எல்லாப் பக்கமும் நான்கு விரற்கடை பெரிதாக இருக்க வேண்டுமாம், தைக்கத் தைக்க உள்ளே இழுபடும். டீச்சர் இலவம்பஞ்சு வைக்கலாமா என்று கேட்டிருந்தார். அது தலையணைக்குச் சரி, போர்வையில் வைத்தால் ஒரு துவையலில் மூலைக்கு ஓடிவிடும். சோபா தைக்கும் கடையில் பாயாக விற்கும் மெல்லிய பாலியஸ்டர் பஞ்சை வாங்கினோம்.

மூன்றையும் அடுக்கி நகராமல் பிடிக்க ஊக்கு குத்த வேண்டும், கையகலத்துக்கு ஒன்று. அம்மா கணக்குப் போட்டு, 600 வேண்டும் என்றார். சாதாரண ஊக்கு நம் ஊர் ஈரக்காற்றில் இரண்டு வாரத்தில் துருப்பிடித்துத் துணியில் கறை வைத்துவிடும், பித்தளை ஊக்குதான் வேண்டும். அது பிரிக்பீல்ட்ஸில் அம்மாவுக்குத் தெரிந்த ஒரு கடையில் கிடைக்கும். பிரிக்பீல்ட்ஸ் அப்போது 'லிட்டில் இந்தியா' ஆகியிருக்கவில்லை. வளைவுகளும் நீரூற்றும் 2010-இல் வந்தவை. கொமுட்டர் ஏறி கே.எல். சென்ட்ரலில் இறங்கி, ஜாலான் துன் சம்பந்தன் வழியாக நடந்து போனேன். கடையில் 500 ஊக்குகள்தாம் இருந்தன. அடுத்த வாரம் வரும் என்றார் கடைக்காரர். பக்கத்து எழுதுபொருள் கடையில், வங்கிக்காரர்கள் நோட்டெண்ண மாட்டிக்கொள்ளும் ரப்பர் விரலுறையும் ஒரு பொட்டலம் வாங்கினேன். துணி வழுக்காமல் தள்ள அது உதவும் என்பது என் யோசனை. அந்த ஒரு யோசனைக்கு மட்டும் பின்னால் பாராட்டுக் கிடைத்தது.

நாற்காலிகளை வாசலுக்குத் தள்ளிவிட்டு, அடித்துணியைத் தரையில் நீட்டி நாடாவால் ஒட்டினோம். அதன்மேல் பஞ்சு, அதன்மேல் டீச்சரின் துணி. ஊக்கு குத்தும் வேலை என்னுடையது. பட்டில் குத்தினால் துளை மறையாது, ஆகவே கூறைப்பட்டைச் சுற்றி மட்டும் நெருக்கமாக, இரண்டு வரிசையாகக் குத்தச் சொன்னார் அம்மா. நான் ஓரத்திலிருந்து தொடங்கி உள்ளே வந்தேன். நடுவுக்கு வந்தபோது கையில் இருந்தவை ஏறக்குறைய தீர்ந்துவிட்டன. மீண்டும் கொமுட்டர் ஏறுவதா? அல்லது ஓரத்தில் குத்தியவற்றை எடுத்து நடுவில் குத்துவதா? பட்டைச் சுற்றி ஒரே வரிசை, அதுவும் விட்டு விட்டுக் குத்திவிட்டு எழுந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

பெரிய போர்வையை நடுவிலிருந்து ஓரத்துக்குத்தான் தைத்துக்கொண்டு போக வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் மிச்சத் துணியெல்லாம் நடுவில் வந்து புடைத்துக்கொள்ளும். ஆகவே, மறுபடி கிடைக்காத அந்தப் பட்டில்தான், கை பழகாத முதல் நாளில், முதல் ஊசி இறங்க வேண்டும். மிஞ்சிய துண்டுகளை அடுக்கி அம்மா ஒரு நாள் முழுக்கத் தைத்துப் பார்த்தார். மேல்நூலின் இறுக்கத்தையும் பாபின் திருகையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு இரண்டு பக்கமும் பாய்போலச் சுருட்டி, ஒரு சுருளை மெஷினுக்குள் நுழைத்து, துணியை நகர்த்தும் பல்லைக் கீழே இறக்கிவிட்டு உட்கார்ந்தார். பல் இறங்கிவிட்டால் துணி தானாக நகராது. கை எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறதோ அவ்வளவுதான் தையலின் நீளம். கை தயங்கினால் பொடித் தையல், அவசரப்பட்டால் பல்லிளிக்கும் தையல்.

ஊக்கும் பஞ்சும் சேர்ந்து அதன் கனம் நான்கு கிலோவுக்குக் குறையாது. மேசையிலிருந்து கொஞ்சம் கீழே சரிந்தாலும் அந்தக் கனம் ஊசியை வளைத்துவிடும். முதல் நாளே மூன்று ஊசிகள் உடைந்தன. இடப்பக்கம் இஸ்திரி மேசை, பின்னால் மக்சிக் இரவல் கொடுத்த நீள மேசை, மிச்சத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நான் என்று ஒருவழியாகச் சமாளித்தோம். நம் ஊர் வெயிலில், மின்விசிறி நூலை இழுக்கிறதென்று அதையும் நிறுத்திவிட்டு, ஒரு பஞ்சுப் போர்வையைத் தோளில் சுமப்பது எப்படி இருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

பட்டு நன்றாக ஓடியது. இலைக்கொடி மாதிரி அம்மா போட்ட வளைவுகளைப் பார்த்து நான் கைதட்டினேன். அடுத்த நாள் பால்வெட்டுச் சட்டைகள் வந்தன. அவற்றில் கித்தாப்பால் பட்டுக் காய்ந்து கறுத்த திட்டுகள் இருந்தன, எந்தச் சோப்புக்கும் போகாதவை. அவற்றை அப்படியே விட வேண்டும் என்பது டீச்சரின் கட்டளை. அந்தத் திட்டுகளில் ஊசி இறங்கும்போது 'கிறீச்' என்று சத்தம் வந்தது. நூல் அறுந்தது. ஊசியில் பிசுக்கு ஏறியது. 16-ஆம் எண் ஊசிக்கு மாற்றி, பத்துப் பன்னிரண்டு தையலுக்கு ஒருமுறை ஊசியைத் துணியால் துடைத்துத் துடைத்து ஓட்டினார் அம்மா. முப்பது ஆண்டு மரத்தடியில் நின்ற அந்த அம்மாள் இன்னும் முறைத்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது எனக்கு.

மூன்றாம் நாள் மாலை போர்வையைத் திருப்பிப் பார்த்தோம். அதற்கு முன்பெல்லாம் அம்மா அடியில் கையை விட்டுத் தடவித்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சரியாகப் பட்டுக்குக் கீழே, அடித்துணி ஒரு சாண் நீளத்துக்கு மடிந்து, மடிப்போடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. தைக்கும் கையைத் தோளோடு இழுத்ததாகவும், மோட்டார் வேகமாக ஓடியதாகவும் அம்மா ஏதேதோ காரணம் சொல்லித் தம்மையே நொந்துகொண்டார். காரணம் எனக்குத் தெரியும். அந்த இடத்தில்தான் இரண்டாவது வரிசை ஊக்கு இல்லை.

பருத்தியாக இருந்தால் பிரித்துவிட்டுத் தண்ணீர் தெளித்து நகத்தால் நீவினால் துளை மூடிக்கொள்ளும். பட்டில் மூடாது. பிரித்தால் மேலே வரிசை வரிசையாகத் துளைகள் தெரியும். பிரிக்காவிட்டால் அடியில் ஒரு மடிப்பு, அவ்வளவுதான். போர்த்திக்கொண்டு படுப்பவர் யாரும் அதைப் பார்க்கப்போவதில்லை.

"அம்மா, அப்படியே விட்ருங்கம்மா. அடியிலதானே. டீச்சருக்குத் தெரியவா போகுது" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தார். "நாலு பக்கமும் பிரிச்சுட்டு வாங்கன்னு அவங்கள அனுப்புனேன்ல" என்றார். தொலைபேசியை எடுத்தார்.

டீச்சர் மறுநாள் காலையில் வந்தார். அம்மாவே போர்வையைத் திருப்பிப் போட்டு, மடிப்பின்மேல் விரலை வைத்துக் காட்டினார். அறையின் மூலையில் நின்ற நான், 'ஊக்கு என்னால்தான் குறைந்தது' என்று சொல்ல வாயெடுத்து வாயெடுத்து மூடிக்கொண்டேன். டீச்சர் குனிந்து அந்த மடிப்பை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவினார்.

"பிரிச்சா?"

"பட்டுல ஓட்டை தெரியும் டீச்சர். மறையாது."

"அப்ப இருக்கட்டும்."

'பரவாயில்லை' என்று அவர் சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன். அம்மா 100 வெள்ளி குறைத்துக்கொள்வதாகச் சொன்னார். வேண்டாம் என்று டீச்சர் மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். "சரிம்மா" என்றார்.

மீதி வேலை இரண்டரை வாரம் ஓடியது. அதற்குள் மிச்ச ஊக்குகளை வாங்கிவந்து குத்தினேன், அம்மா கேட்காமலேயே. தினமும் எத்தனை மணி நேரம் தைத்தார் என்பதை நாட்காட்டியின் ஓரத்தில் குறித்துவந்தேன். பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்த திமிர். மொத்தம் 61 மணி நேரம். செலவு 110 வெள்ளி போக, 250-இல் மிஞ்சியது 140. மணிக்கு 2 வெள்ளி 30 காசு. குறைக்காமல் 350-ஐ வாங்கியிருந்தாலும் மணிக்கு 4 வெள்ளி தேறியிருக்காது. நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் முதன்முதலாக நடைமுறைக்கு வந்த 2013-ஆம் ஆண்டில் தீபகற்பத்துக்கு வைத்த அளவு மணிக்கு 4 வெள்ளி 33 காசு. வீட்டில் உட்கார்ந்து தைப்பவர்களுக்கு அதுவும் பொருந்தாது. கணக்கை அம்மாவிடம் காட்டியபோது, "அந்த நேரத்துக்கு நாப்பது ரவிக்கை தைச்சிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அதன்பிறகு யாருடைய போர்வையையும் அவர் எடுக்கவில்லை.

போர்வை முடிந்த அன்று வெள்ளைத் துணியில் இருந்து கடைசி ஊக்கைக் கழற்றியபின், நானும் அம்மாவும் ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து உதறினோம். எட்டரை அடித் துணி காற்றில் மெல்ல இறங்கியது. அழகாகத்தான் இருந்தது. மடிப்பை அறியாதவருக்கு அதில் ஒரு குறையும் தெரிந்திருக்காது.

மகள் அந்தப் போர்வையை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோகவில்லை. கனம் அதிகம், பெட்டியில் இடமில்லை என்றாராம். அதனால் அது டீச்சர் வீட்டிலேயே தங்கிவிட்டது.

வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகள் கழித்து, என் திருமண அழைப்பிதழோடு டீச்சரைப் பார்க்கப் போனேன். உடல்நலமில்லாமல் கட்டிலில் இருந்தார். காலில் அந்தப் போர்வை. பேசிக்கொண்டே இருந்தபோது என் கை தானாகவே போர்வையின் அடியில் நுழைந்து பட்டு இருந்த இடத்தைத் தேடியது. துவைத்துத் துவைத்து அடித்துணி மென்மையாகியிருந்தது, மடிப்பு மட்டும் விறைப்பாக அப்படியே இருந்தது.

டீச்சர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது நீதானே?"

நான் பதில் சொல்லவில்லை.

"உங்கம்மா சொல்லல. அவங்க கை அப்படி விடாதுன்னு எனக்குத் தெரியும். மூணாம் வகுப்புலேயே நீ கடைசி ரெண்டு கணக்கைப் போடமாட்டே."

அழைப்பிதழை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நிறுத்தி நிறுத்திப் படித்தார். மண்டபத்தின் முகவரியில் ஓர் ஒற்றுப்பிழை இருந்தது. பக்கத்து மேசையில் பேனா இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்.